பாஸ்போர்ட்டில் வாழும் பழைய 'லெட்'

இந்தியப் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். பாஸ்போர்ட் வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போகவிடுங்கள் என்கிறது அது. 'லெட்' என்றால் அனுமதிப்பது என்றுதானே பள்ளியில் படித்தோம்? இங்கே அதற்கு நேர் எதிரான பொருள்: தடை. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசி உரிய கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அதுவும் இந்தத் தடைதான்.

இவை ஒரு காலத்தில் வேறு வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஏறக்குறைய 'லேட்டன்', தடுப்பதற்கு 'லெட்டன்'. தாமதத்தைக் குறிக்கும் இன்றைய 'லேட்' இரண்டாவதன் உறவு. ஒருவரைத் தாமதப்படுத்துவதுதானே தடுப்பது. நூற்றாண்டுகள் போகப்போக நெடில் குறுகியது, சொல்லின் கடைசி அசை உதிர்ந்தது, இரண்டும் ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன. 'அவனை லெட்' என்றால் விடுவதா, மறிப்பதா? 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹேம்லட் நாடகத்தில், ஆவியின் பின்னால் போகத் துடிக்கும் இளவரசன், தன்னை 'லெட்' செய்பவனைக் கொன்று ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். அவன் சொல்வது தடுப்பவனை. பிறகு பேச்சு வழக்கில் அந்த வினை வழிவிட்டு ஒதுங்கியது. சட்ட வாசகத்தில் அதன் பெயர்ச்சொல் பிழைத்தது; ஏனென்றால் அங்கே சொற்கள் இணையிணையாக, மாற்றமின்றிப் படியெடுக்கப்படுகின்றன.

அதனால்தான் பழஞ்சொற்களில் ஆளை ஏமாற்றுவது தெரியாத சொல் அல்ல, தெரிந்த சொல். தெரியாததற்கு அகராதியைப் புரட்டுவோம். தெரிந்ததைத் தாண்டிப் போய்விடுவோம். 1611-இல் வந்த ஆங்கில பைபிளின் 119-ஆம் சங்கீதத்தில் ஒருவர் விடியலை 'ப்ரிவென்ட்' செய்தேன் என்கிறார். விடியலைத் தடுத்தாராம் என்று படித்தால் அபத்தம். லத்தீனில் அந்தச் சொல்லின் பகுதிகள் 'முன்', 'வருதல்'. பொழுது விடியுமுன் எழுந்துவிட்டேன் என்கிறார் அவர். முந்திப்போய் நிற்பவர் வழியை அடைக்கவும் முடியும். அந்த இடுக்கு வழியாகப் பொருள் நழுவிப்போனது. நமக்கு இது புதிதல்ல. 'கருப்பூரம் நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டது நறுமணத்தை. இன்று யாரிடமும் அப்படிக் கேட்க முடியாது. ஆங்கிலத்தின் 'ஸ்டிங்க்' கதையும் இதேதான்: ஒரு காலத்தில் எந்த மணம் வீசினாலும் அந்த வினைதான்.

இறந்துபோன பொருளை எப்படி நிறுவுகிறார்கள்? ஊகத்தால் அல்ல, சீட்டுகளால். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு 1879-இல் பதிப்பாசிரியரான ஜேம்ஸ் முர்ரே, தன்னார்வ வாசகர்களிடம் கேட்டது இதுதான்: சீட்டின் தலையில் சொல், அடியில் ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம் முழுதாக. லட்சக்கணக்கில் சேர்ந்த சீட்டுகளைச் சொல்வாரியாகப் பிரித்து, ஆண்டு வரிசையில் அடுக்கி, எந்த இடத்தில் பழைய பொருள் பொருந்தாமல் போகிறது என்று பார்த்தார்கள். அங்கே ஒரு கிளை பிரியும். முதல் பகுதி 1884-இல் வந்தது. வேலை முடிந்தது 1928-இல், முர்ரே இறந்து 13 ஆண்டுகள் கழித்து.

சீட்டு தவறினால் சொல்லே தவறும். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' அப்படித்தான் முதல் பதிப்பில் விடுபட்டு, 1933-இன் பின்னிணைப்பில் சேர்ந்தது. நேர்மாறான விபத்தும் உண்டு. 1934-இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டார்ட்' (dord) என்றொரு சொல், பொருள் அடர்த்தி. அப்படி ஒரு சொல்லே கிடையாது! அடர்த்தியைப் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' எழுத்தால் குறிக்கலாம் என்று வேதியியல் பதிப்பாசிரியர் 1931-இல் எழுதிய குறிப்பு, சுருக்கக் குறியீடுகளின் கட்டுக்குப் போவதற்குப் பதில் சொற்களின் கட்டுக்குப் போய்விட்டது. நடுவிலிருந்த 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டன. 1939-இல் ஒரு பதிப்பாசிரியர் இதைப் பிடித்தார். அவருக்கு உறுத்தியது, அதற்குச் சொற்பிறப்பு எதுவும் தரப்படாததுதான்.

பழைய நூலை நீங்களே படிக்கும்போதும் ஆண்டு வரிசைதான் துணை. முதலில் நூலின் ஆண்டைப் பாருங்கள். அகராதியில் அந்த ஆண்டுக்கு அருகிலுள்ள மேற்கோள்களை முதலில் படியுங்கள். பட்டியலின் முதல் பொருளை அப்படியே எடுக்காதீர்கள். சில அகராதிகள் பழைய பொருளை முதலில் வைக்கும், சில இன்றைய பொருளை. எடுத்த பொருளை அதே நூலின் வேறு இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பொருந்துவது போதாது.

அச்சும் குழப்பும். கடைப் பலகைகளில் பழமைக்காக எழுதும் 'யீ ஓல்ட்' என்பதில் 'யீ' கிடையாது; அது 'தி'. 'த்' ஒலிக்கு இருந்த 'தார்ன்' என்ற எழுத்து கையெழுத்தில் 'ஒய்' போலவே மாறியிருந்தது. தார்னுக்கு அச்செழுத்து இல்லாதவர்கள் 'ஒய்'யைக் கோத்தார்கள். அதேபோல் 1800 வரை சொல்லின் முதலிலும் நடுவிலும் வந்த நீண்ட 'எஸ்', ஏறக்குறைய 'எஃப்' போலவே இருக்கும். கணினி அதை 'எஃப்' என்றே படித்துவிடுவதால், அக்காலத்து நூல்களின் மின்படிகளில் ஒரு சொல் அகப்படாவிட்டால், 'எஸ்' இருக்கும் இடத்தில் 'எஃப்' போட்டு இன்னொரு முறை தேடுங்கள்.