வேலை திரும்பக் கிடைத்தது, பென்ஷன் கணக்கில் ஐந்து வருடத்தைக் காணோம்

பணிநீக்க ஆணை ரத்தாகித் தீர்ப்பு வந்த அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வாசலில் இனிப்பு கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் சிலர், ஓய்வு பெறும் வருடத்தில் அதே கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். “வேலைதான் திரும்பக் கெடைச்சிருச்சே சார், பென்ஷன்ல எதுக்கு அஞ்சு வருஷத்தக் கழிக்கிறாங்க?” மேலூர்க்காரரும் இதைத்தான் கேட்கிறார், உசிலம்பட்டிக்காரரும் இதைத்தான் கேட்கிறார். அரசுப் பணி வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞன் என்பதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலையைத் திரும்பத் தரும் ஆணை ஒன்று. வெளியே நின்ற காலத்தை என்னவாகக் கணக்கில் கொள்வது என்று சொல்லும் ஆணை இன்னொன்று. முதலாவது கைக்கு வந்ததும் கூடவே இரண்டாவதும் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அலுவலகமும் அப்படியே விட்டுவிடுகிறது.

விதி என்ன சொல்கிறது? ஒருவரை டிஸ்மிஸ் செய்தால், அதுவரை பார்த்த வேலை முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். மேல்முறையீட்டிலோ நீதிமன்றத்திலோ வென்று திரும்பச் சேர்ந்தால், நீக்கத்துக்கு முந்தைய பணிக்காலம் உயிர்பெற்று வந்துவிடும். ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து திரும்பச் சேர்ந்த நாள் வரையிலான இடைப்பட்ட காலம் தானாக வராது. மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 25ஆவது விதி இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: பணியாகவோ விடுப்பாகவோ வரன்முறை செய்து தனியே ஆணையிட்டால் ஒழிய, அந்தக் காலம் சேராது. 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளும் இதே தடத்தில்தான் போகின்றன.

பணமாக இது எவ்வளவு என்று பார்க்கலாம். நம் மாநிலத்தில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 30 வருடப் பணி இருந்தால் முழு ஓய்வூதியம், அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி. 10 வருடத்துக்கு மேல், 30க்குள் என்றால் அந்த விகிதப்படி. மொத்தம் 24 வருடம், கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் மாதம் 24,000 வரும். இடையில் 5 வருடத்தைக் கழித்து 19 என்று எழுதினால் 19,000. மாதம் 5,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி, பணிக்கொடையிலும் குறைவு. அந்த 5 வருடத்து இன்கிரிமென்ட்டும் கிடைக்காமல் போயிருந்தால் 60,000 என்ற கடைசிச் சம்பளமே எட்டியிருக்காது. முன்பு பணிபுரிந்தது 6 வருடம், பின்பு 3 வருடம் என்று இருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். 10 வருடமே தேறாது. மாத ஓய்வூதியம் என்பதே இல்லை.

தனி ஆணை போட வேண்டும் என்று சொல்வது, அரசு ஊழியரின் சம்பளம், விடுப்பு போன்றவற்றை வகுக்கும் அடிப்படை விதிகள். துறை மேல்முறையீட்டில் திரும்ப வந்தவர்களுக்கு 54ஆவது விதி, நீதிமன்றம் ரத்து செய்து வந்தவர்களுக்கு 54-ஏ, சஸ்பென்ஷனுக்கு 54-பி. இதில் 54-ஏ-யைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்க வேண்டும். குற்றச்சாட்டே நிற்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லி ரத்து செய்திருந்தால் இடைப்பட்ட காலம் முழுவதும் எல்லா வகையிலும் பணிக்காலம், முழுச் சம்பளமும் உண்டு. விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை, வாய்ப்பு தரவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ரத்தாகியிருந்தால் கதை வேறு. எவ்வளவு சம்பளம் என்பதை அதிகாரி தீர்மானிப்பார். அதற்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். பதில் சொல்ல அவர் குறிக்கும் கெடு 60 நாளுக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலம் பணிக்காலம் ஆகாது, அவர் குறிப்பாகச் சொன்னால் ஒழிய.

நம் பக்கத்து வழக்குகளில் கணிசமானவை இந்த இரண்டாவது வகை. பதினேழு-பி குறிப்பாணை (பெரிய தண்டனைக்கு வழிவிடும் குற்றச்சாட்டு ஆணை) கொடுப்பார்கள், விசாரணை அறிக்கை நகலைத் தராமலே டிஸ்மிஸ் செய்வார்கள், அந்த ஓட்டையைப் பிடித்து ஜெயிப்போம். ஜெயித்தாலும் குற்றமற்றவர் என்று தீர்ப்பில் இருக்காது. 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அறிக்கை தராத குறை உண்மையிலேயே பாதித்திருந்தால் அந்தக் கட்டத்திலிருந்து விசாரணையைத் தொடர வேண்டும், இடைப்பட்ட காலத்தின் கதி அதன் முடிவைப் பொறுத்தது. அந்த விசாரணையும் இரண்டு மூன்று வருடம் ஊறிக் கிடந்து, சின்னத் தண்டனையோடு முடியும். அப்போதாவது ‘விடுபட்ட காலத்தை என்ன செய்தீர்கள்?’ என்று எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

நோட்டீஸ் வந்தால் “ஐயா அவர்கள் கருணையுடன் பரிசீலிக்க” என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது போதாது. முதலில் பணிக்காலமாகக் கருதும்படி காரணத்தோடு கேளுங்கள். அது முடியாதென்றால், கணக்கில் இருக்கும் விடுப்பாக மாற்றித் தரும்படி அதே மனுவில் மாற்றாகக் கேளுங்கள். ஊழியர் விரும்பினால் அப்படி மாற்ற விதியிலேயே இடம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது, தெரிந்த எழுத்தர் சொல்வதும் இல்லை. எந்த விடுப்பு என்பதும் முக்கியம். ஈட்டிய விடுப்பு பிரச்சினை இல்லை. ஊதியமில்லா அசாதாரண விடுப்பு என்றால், எந்தக் காரணத்துக்கு, மருத்துவச் சான்று உண்டா என்பதையெல்லாம் வைத்துத்தான் அது ஓய்வூதியத்துக்குச் சேரும் அல்லது சேராது.

திருமங்கலம் பக்கத்துக்காரர் ஒருவரின் பணிப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் சிவப்பு மையில், ‘தனியர் பணிநீக்கம் செய்யப்பட்டார்’. அடுத்த பதிவு, நீதிமன்ற ஆணைப்படி முற்பகலில் பணியில் சேர்ந்தார். இரண்டுக்கும் நடுவில் பென்சிலில், ‘இ.கா. – ஆணை எதிர்நோக்கி’. இ.கா. என்றால் இடைப்பட்ட காலம். அதை எழுதிய எழுத்தர் மாற்றலாகி, பிறகு ஓய்வும் பெற்றுவிட்டார். பென்சில் எழுத்து மட்டும் மங்கிப்போய் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வருடமும் பணி சரிபார்ப்பு முத்திரை விழுந்திருக்கிறது, அந்தக் காலத்துக்கு மட்டும் இல்லை. பென்ஷன் கருத்துரு ஏ.ஜி. ஆபீஸுக்கு, அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போனதும் முதல் ஆட்சேபணையே அதுதான். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினத்தில், ஓய்வூதியம் சலுகை அல்ல உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 1982ஆம் ஆண்டு நகரா தீர்ப்பை நாம் எல்லோரும் மேடையில் முழங்குகிறோம். மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் செல்லுபடியாவது பணிப்பதிவேட்டில் இருக்கும் வரி.

நம் ஊர்களில் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நெடுஞ்சாலைத் துறை சாலைப் பணியாளர்கள். 1997இல் நியமிக்கப்பட்டு, 2002 செப்டம்பரில் நீக்கப்பட்டு, 2006இல் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள். நடுவில் போனது 41 மாதம். ‘41 மாதப் பணிநீக்கக் காலத்தைப் பணிக்காலமாக அறிவி’ என்று அவர்கள் பிடித்த பிடி, வேலை கிடைத்த பிறகும் வருடக் கணக்கில் தளரவில்லை. தெருவில் போகிறவர்களுக்கு ‘அதான் வேலை குடுத்தாச்சே’ என்று தோன்றும். அந்த 41 மாதத்தின் விலை அவர்களுக்குத் தெரியும்.

போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் வருவது தொழிலாளர் நீதிமன்றம் வழியாக. அங்கே வழக்கமாக வரும் தீர்ப்பு: ‘பணித் தொடர்ச்சியுடன் மீண்டும் வேலை, பின்ஊதியம் இல்லை’. பின்ஊதியம் என்றால் வெளியே நின்ற காலத்துச் சம்பளம். கண்டக்டர் அண்ணன்கள் இதை முழு வெற்றியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆந்திரப் போக்குவரத்துக் கழகத்துக்கும் நரசகௌடு என்பவருக்கும் நடந்த வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கவனிக்க வேண்டும். பணித் தொடர்ச்சி என்று மட்டும் சொல்வது வேறு, எல்லாத் தொடர் பலன்களும் உண்டு என்று சொல்வது வேறு. முன்னதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையில் இல்லாத காலத்து இன்கிரிமென்ட்டைக் கேட்க முடியாது. அதாவது வருடங்கள் எண்ணிக்கையில் சேரும், சம்பளம் ஏறாது. எனவே மனுவின் வேண்டுகோள் பத்தியிலேயே பணித் தொடர்ச்சி, இன்கிரிமென்ட், ஓய்வூதியம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகக் கொடுப்பது அபூர்வம். உங்கள் வக்கீல் அவசரத்தில் ‘இன்ன பிற நிவாரணம்’ என்று முடித்திருந்தால், கூச்சப்படாமல் திருத்தச் சொல்லுங்கள். எங்களுக்கு அதெல்லாம் வருத்தம் இல்லை.

இன்னொரு பொறி 2003 ஏப்ரல் 1. அன்று முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அவர்களுக்கு அப்போது வந்தது, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிக்கும் பங்களிப்பு ஓய்வூதியம். 1995இல் சேர்ந்து, 2001இல் நீக்கப்பட்டு, 2007இல் திரும்ப வந்தவர் எந்தப் பக்கம்? பழைய பணிக்காலம் உயிர்பெறுகிறது என்றால் முதலில் சேர்ந்த தேதிதான் பேச வேண்டும், பழைய திட்டமே பொருந்த வேண்டும். ஆனால் ஆணையை ‘புதிய நியமனமாக’ என்று தட்டச்சு செய்து கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொள்கிற அலுவலகங்கள் உண்டு. வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர் அதைப் படித்துப் பார்க்க மாட்டார். படியுங்கள். அப்படி இருந்தால், ஆட்சேபணைக்கு உட்பட்டுச் சேர்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேருங்கள். பங்களிப்புத் திட்டத்துக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது: நிலுவைச் சம்பளம் தரும்போது அந்த மாதங்களுக்கான உங்கள் பங்கும் அரசின் பங்கும் கணக்கில் ஏறினவா என்று கணக்குத் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும்.

வெளியே இருந்த காலத்தில் ஆட்டோ ஓட்டினேன், டீக்கடை வைத்திருந்தேன், அதைச் சொன்னால் பென்ஷன் போய்விடுமா என்று பயப்படுகிறார்கள். வேறு வேலையில் ஈட்டிய சம்பளத்தை நிலுவைத் தொகையில் கழிக்கத்தான் விதியில் இடமுண்டு. அந்தக் காலம் பணிக்காலமா இல்லையா என்பதற்கு அதை அளவுகோலாக வைக்கவில்லை. பொய்யான உறுதிமொழி கொடுத்து இன்னொரு பதினேழு-பி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வழக்கு முடியும் முன்பே 60 வயது ஆகிவிட்டால் வேலையில் போய் உட்கார முடியாது. ஆனால் உரிய தேதியில் ஓய்வு பெற்றதாகக் கருதிப் பலன்களை வழங்கும்படி கேட்கலாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டால்? “அவரே போயிட்டாரு, இனி கேஸ் என்னத்துக்குய்யா” என்று கட்டை மூடிவிடுகிற அம்மாக்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். டிஸ்மிஸ் ஆணை அப்படியே நின்றால் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. வாரிசுகள் வழக்கில் சேர்ந்து தொடரலாம்; ஆணை ரத்தானால், இறக்கும் நாள் வரை பணியில் இருந்ததாகக் கருதச் சொல்லிக் குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கிடைத்தவுடன் வக்கீலிடம் போய்விடுங்கள், தாமதித்தால் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் மனு வேறு போட வேண்டியிருக்கும்.

தீர்ப்பில் கெடு வைத்துச் சொன்னதைத் துறை செய்யவில்லை என்றால், நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு ஒரு வருடம்தான் அவகாசம். ‘மேல்முறையீடு போட்டிருக்கோம், பொறுங்க’ என்று அலுவலகத்தில் சொல்வதை நம்பி அந்த வருடத்தை விட்டவர்கள் உண்டு. மேல்முறையீடு பதிவாகியிருப்பதும் தடையாணை வாங்கியிருப்பதும் ஒன்றல்ல.

ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆனவர்களும் கேட்கலாம். குறைந்த ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் வழக்கைக் காலதாமதம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் நிலுவைத் தொகை, மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான்.