கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு மட்டை

மாரி ஓய்ந்த கையோடு விசுவமடுப் பக்கமிருந்து ஓர் அம்மா, கிளிநொச்சியில் நான் படச்சட்டம் போடும் கடைக்கு வந்தார். துணியில் சுற்றிக் கொண்டுவந்த சட்டம் அவருடைய பேத்தி வீட்டிலேயே செய்தது. கடற்கரையில் பொறுக்கிய சோகிகளை ஒட்டி, ஓரத்துக்குப் பனையோலைப் பின்னல் கொடுத்திருந்தாள். கெட்டிக்காரி. உள்ளே இருந்தது மகனின் படம். 2009 இல் இடம்பெயர்ந்து போனபோது பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக் காப்பாற்றிய ஒரே படம்.

“கழற்றப் பார்த்தேன், வருகிறதில்லை தம்பி” என்றார். நெற்றியும் ஒரு கன்னமும் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தன.

ஸ்டூடியோவில் கழுவி எடுத்த பழைய படங்களின் மேற்பரப்பில் ஜெலற்றின் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகும், காய்ந்தால் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி தொடங்கித் தை வரை வன்னியின் காற்றில் இருக்கும் ஈரமே இதற்குப் போதும். கண்ணாடியில் படத்தை நேராக அழுத்தி வைக்கிற சட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒருநாள் இதைச் செய்யும். போதாக்குறைக்கு நாம் சட்டத்தின் மேல் ஈர மாலை வேறு போடுகிறோம். பூவிலிருந்து வடியும் தண்ணீர் கண்ணாடி விளிம்பால் இறங்கி உள்ளே போய்விடும். காகிதப் பூவோ மணிமாலையோ போடுங்கள், தெய்வம் கோபிக்காது.

ஆகவே வீட்டில் சட்டம் செய்கிறவர்கள் முதலில் செய்யவேண்டியது மரவேலை அல்ல. படத்தை ஸ்கான் செய்து ஒரு பிரதி எடுங்கள். சுவருக்குப் பிரதி, அலுமாரிக்கு மூலப்படம். லமினேற் செய்யவே வேண்டாம். சூட்டில் உருகிப் பிடித்த பிளாஸ்ரிக்கைப் பிறகு உரிக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி முதல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கைகளில் எத்தனை படங்களைப் பார்த்திருப்போம்! வெயிலில் ஏந்தி நிற்கும் படம் நிறம் இழந்தே தீரும். வெயிலுக்குப் போகவேண்டியதும் பிரதிதான்.

மரத்துக்குக் காட்டுப்பக்கம் போகவேண்டாம். அனுமதியில்லாமல் மரம் தறிப்பதும் ஏற்றுவதும் குற்றம். பனைக்கும் அனுமதி வேண்டும். இடித்த வீட்டின் பழைய யன்னல் சட்டங்கள் போதும். முதிரையாக இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் சிறு துளையிடாமல் ஆணி அடித்தால் வெடித்துவிடும். கண்ணாடியை முதலில் வெட்டுவித்துக்கொண்டு, அதன் அளவுக்கு மரத்தை அறுங்கள். கண்ணாடி உட்காரும் காடியில் எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீற்றர் இளக்கம் விடுங்கள், மரம் மாரியில் ஊதும். மூலைகளை 45 பாகையில் அறுக்கவேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து விரலால் தடவினால் நீளம் ஒன்றா என்று தெரிந்துவிடும். பசை காயுமுன் மூலைக்கு மூலை நூல் பிடியுங்கள். இரண்டு நூலும் ஒரே நீளமாக இருந்தால் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. இல்லாவிட்டால் நீண்டிருக்கும் மூலைகளை மெல்ல அழுத்துங்கள். அந்த நேரத்தில் விட்டால் பிறகு சுத்தியல்கூட உதவாது.

சோகி ஒட்டுகிறவர்கள் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும்.

இனி அந்த மட்டை. படத்தைவிட நான்கு பக்கமும் கொஞ்சம் சிறிதாகச் சாளரம் வெட்டிய தடித்த வெள்ளை மட்டையைக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வையுங்கள். அந்த இடைவெளிதான் முகத்தைக் காப்பாற்றுகிறது. பிஸ்கற் பெட்டி மட்டை வேண்டாம், அதிலுள்ள அமிலம் சில வருடங்களில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கும். செலோரேப்பும் அப்படித்தான். படத்தின் நான்கு மூலைகளையும் கடதாசியால் மடித்த முக்கோணப் பைகளில் செருகினால் பசையே தேவையில்லை. பின்பக்கம் ஹாட்போட் வைத்து விளிம்பைக் கடதாசியால் ஒட்டி மூடுங்கள்.

மாட்டும்போது கீழ் மூலைகள் இரண்டிலும் பழைய பாட்டாச் செருப்பில் வெட்டிய துண்டுகளை ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். மண்சுவர் வீடென்றால் மாதம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கறையான் முன்னால் வந்து சொல்லிவிட்டு ஏறுவதில்லை.

2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் நனைந்த அல்பங்களைப் பலர் வெயிலில் விரித்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிப்போயின. நனைந்த படங்களை ஈரம் காயுமுன் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்து மெதுவாகப் பிரித்து, முகம் மேலே தெரிய நிழலில் காயவிடுங்கள்.

அந்த அம்மாவின் படத்தை நான் பிரிக்கவில்லை. கண்ணாடியோடேயே ஸ்கான் செய்து பிரதி எடுத்து, பேத்தியின் சட்டத்திலேயே மட்டை வைத்துப் போட்டுக் கொடுத்தேன். பழைய கண்ணாடியை ஒட்டியிருந்த படத்தோடு கடதாசியில் சுற்றி மேசையில் வைத்தேன்.

முதலில் அதைத்தான் எடுத்துப் பையில் வைத்தார்.