வானவில் போர்வையில் மஞ்சள் மட்டும் ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது?

வேலூர் சத்துவாச்சாரியில் என் தையல் வகுப்புக்கு வருகிறவர்கள் ப்ளவுஸ், சுடிதார் எல்லாம் கை பழகிய பிறகு ஒட்டுத்துணிப் போர்வைக்கு வருவார்கள். கில்ட் என்றுதான் இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். செல்போனில் எங்கேயோ படம் பார்த்துவிட்டு, "அக்கா, ரெயின்போ கில்ட் போடலாமா?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதற்குள், மறுநாளே லாங் பஜாருக்குப் போய் ஏழு நிறத்தில் துணியும் வாங்கிவிடுவார்கள். மேசையில் அடுக்கிப் பார்த்தால் ஏழும் அழகாகத்தான் இருக்கும். தைத்து முடித்துத் தரையில் விரிக்கும்போதுதான் முகம் விழும். மஞ்சள் மட்டும் ட்யூப்லைட் போட்ட மாதிரி எரியும். கருநீலமும் ஊதாவும் ஒன்றோடொன்று கலந்து, ஒரே இருட்டுப் பட்டையாகக் கிடக்கும். "என்னாக்கா இது, கட்சிக் கொடி மாதிரி இருக்கு" என்று ஒரு பெண் அழாத குறையாகக் கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அண்ணன் மகளின் குழந்தைக்கு நான் தைத்த முதல் வானவில் போர்வையும் அதே கதிதான். இரண்டு வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்தது. அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு, "தையல் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. (குழந்தைக்குத் தைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வயது முடிகிறவரை, தூங்கும் குழந்தையின் மேல் போர்வை போடக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. தரையில் விரித்து, விழித்திருக்கும்போது விளையாட விடுங்கள்.)

பிரச்சினை ஏழு என்ற எண்ணிலேயே தொடங்குகிறது. வானவில்லில் ஏழு கோடுகள் கிடையாது. ஒரு நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. நியூட்டன் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துக் காட்டியபோது, இசையில் சுரங்கள் ஏழு இருப்பதைப் போல நிறத்தையும் ஏழாக வகுத்தார். 1704-இல் அச்சான அவருடைய ஒளியியல் நூலில் அந்த ஏழையும் வளைத்து ஒரு வட்டமாகவே போட்டிருக்கிறார். நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த விப்ஜியார் அங்கிருந்து வந்ததுதான். பாட்டுக்கு அது சரி. ஆனால் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் பாடகர் இழைக்கிற கமகம் மாதிரி, நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவில் இருப்பதுதான் வானவில்லை வானவில்லாகக் காட்டுகிறது. ஏழு துணி வாங்கினால் நடுவில் இருப்பது எதுவுமே போர்வைக்கு வராது.

அந்த நடு நிறங்களுக்கு நம் புடவைக் கடைகளில் எப்போதிருந்தோ பேர் இருக்கிறது. அரக்கு, தக்காளிச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, மயில் கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பேரைத் தாங்கிய எம்.எஸ். நீலம், கத்தரிப்பூ, நாவற்பழம். பச்சையிலிருந்து நீலத்துக்குத் தாவாமல் நடந்து போக மயில் கழுத்து வேண்டும். மஞ்சளிலிருந்து பச்சைக்குக் கிளிப்பச்சை. வாடாமல்லி நிறம் வானவில்லிலேயே கிடையாது தெரியுமா? எந்த ஒற்றை ஒளிக்கதிரிலும் அது இல்லை. சிவப்பும் ஊதாவும் சேர்ந்து கண்ணில் விழும்போது மூளையாகப் போட்டுக்கொள்கிற நிறம் அது. ஆனாலும் போர்வையை வட்டமாகவோ சுழலாகவோ அடுக்குகிறவர்களுக்கு ஊதாவைத் திரும்பச் சிவப்போடு கோத்துவிட அதை விட்டால் வேறு வழியில்லை.

இதற்காக நான் எல்லாரையும் அனுப்புவது பெரிய ஜவுளிக்கடைக்கு அல்ல, ப்ளவுஸ் மேட்சிங் சென்டருக்கு. ரூபியா துணி சுவர் முழுக்கக் கட்டுக்கட்டாக, ஒரே பச்சையில் பதினைந்து இருபது படிகளாக அடுக்கி வைத்திருப்பார்கள். வண்ணச் சக்கரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அந்தச் சுவரே சக்கரம்தான். கடைக்காரரிடம் "அரக்குக்கும் தக்காளிக்கும் நடுவுல ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்டால், யோசிக்காமல் கையை நீட்டி உருவிவிடுவார். புடவைக்கு ப்ளவுஸ் பொருத்திப் பொருத்தி அவர் கண் அப்படிப் பழகியிருக்கிறது.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். ஒரு துணியின் நிறத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. சிவப்பா பச்சையா என்பது ஒன்று. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது இன்னொன்று. பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் பூத்து மங்கலாக இருக்கிறதா என்பது மூன்றாவது. அமெரிக்காவில் ஓவிய ஆசிரியராக இருந்த மன்செல் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து அளவு வைத்தார். நாம் கடையில் நிற்கும்போது முதலாவதையும் மூன்றாவதையும்தான் பார்க்கிறோம். போர்வையைக் கெடுப்பது இரண்டாவது.

எல்லா நிறமும் ஒரே வெளிர்வில் பளிச்சிடுவதில்லை. மஞ்சள் பளிச்சென்று இருக்க வேண்டுமானால் அது வெள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அடர்த்தியாக்கினால் சாணிப்பச்சை, கடுகு என்று வேறு எதுவோ ஆகிவிடும். ஊதாவோ நேர்மாறு. அது பளிச்சிடும் இடமே கறுப்புக்குப் பக்கத்தில்தான். வெளிர வெளிர அதன் வேகம் போய்விடும். ஆக, எல்லா நிறத்திலும் இருப்பதிலேயே பளிச்சென்றதாகப் பொறுக்கி எடுத்தால், வெளிர்வில் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முதலில் எட்டுவது அந்த மேடுபள்ளம்தான், நிறம் அப்புறம்தான்.

இதைக் கண்டுபிடிக்கச் செல்போன் போதும். வாங்கப்போகும் துணிகளை வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது குழி, எது மேடு என்று உடனே தெரிந்துவிடும். போன் இல்லாவிட்டால் கண்ணைச் சுருக்கி, இமை வழியாகப் பாருங்கள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. கருநீலமும் ஊதாவும் படத்தில் ஒரே கரியாகத் தெரிந்தால், ஒன்றை ஒரு படி வெளிராக மாற்றுங்கள். நான் பொதுவாக நீலத்தைத்தான் மாற்றுவேன்.

படம் எடுப்பதைக் கடைக்கு வெளியே வந்து செய்யுங்கள். லாங் பஜார் கடைகளில் பகலிலும் விளக்குதான். அந்த வெளிச்சத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருந்த இரண்டு பச்சை, வெயிலில் கொண்டுவந்தால் ஒன்று நீலம் கலந்தும் ஒன்று மஞ்சள் கலந்தும் நிற்கும். சாயம் வேறு வேறாக இருந்தால் ஒரு விளக்கில் பொருந்துவது இன்னொன்றில் பொருந்தாது. வாசலுக்கு எடுத்துப் போகிறேன் என்றால் எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொள்வதில்லை. 35 பாயிண்ட், அதாவது 35 சென்டிமீட்டர், வெட்டச் சொன்னால்தான் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்.

35 பாயிண்ட் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 இஞ்ச். தையலுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் விட்டு ஐந்தரை இஞ்ச் சதுரமாக வெட்டினால், தைத்தபின் ஐந்து இஞ்ச் நிற்கும். அகலத்தில் 12, நீளத்தில் 18, மொத்தம் 216 சதுரம். 36 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒரு வரிக்கு ஆறு விழும். 18 படிகளில் எடுத்தால், படி ஒன்றுக்கு 12 சதுரம், அதாவது இரண்டு வரி, 11 இஞ்ச். நனைத்துச் சுருங்குவதற்கும் கோணலை நேராக்குவதற்கும் சேர்த்து 35 பாயிண்ட்.

அந்த 18 படிகளை நிறங்களுக்கு எப்படிப் பங்கு பிரிப்பது? ஜெர்மன் கவிஞர் கதே, எந்த நிறம் எவ்வளவு ஒளிர்கிறது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். அதைத் திருப்பிப் போட்டு, ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் பாடம் நடத்திய யோஹன்னஸ் இட்டன் ஒரு பங்கு சொன்னார். மொத்தம் 36 என்றால் மஞ்சள் 3, செம்மஞ்சள் 4, சிவப்பு 6, பச்சை 6, நீலம் 8, ஊதா 9. மஞ்சள் ஒரு பிடி இருந்தாலே ஊதா மூன்று பிடிக்கு ஈடு என்பதுதான் விஷயம். நம் 18-க்கு அது அழகாகப் பொருந்துகிறது. மஞ்சளில் இரண்டு படி, செம்மஞ்சளில் இரண்டு, சிவப்பிலும் பச்சையிலும் மும்மூன்று, நீலத்திலும் ஊதாவிலும் நான்கு நான்கு. இந்தக் கணக்கு ஆறு நிறமும் முழுப் பளிச்சில் இருக்கும்போதுதான் செல்லும். வெளிர் நிறங்களில் தைத்தால் மறந்துவிடுங்கள். எனக்கும் ஊதா நான்கு படி கொஞ்சம் கனமாகத்தான் படும். ஒன்றை எடுத்துவிட்டு மயில் கழுத்தைச் சேர்த்துக்கொள்வேன்.

பக்கத்துத் துணியும் நிறத்தை மாற்றும். பாரிசில் கோபெலின் திரைச்சீலைப் பட்டறையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரோலிடம், கறுப்பு நூலில் ஆழம் இல்லை என்று புகார் வந்தது. நூலைச் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளுக்கடித்திருக்கின்றன. 1839-இல் இதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். நம் போர்வையில் இது பார்டரில் வந்து கடிக்கும். ஒரு மாணவி சந்தன நிறத்தில் பார்டர் வைத்தாள். எடுப்பாக நின்ற மஞ்சள் வரிசை அதோடு கரைந்து காணாமலே போய்விட்டது. கறுப்பு வைத்தால் எல்லா நிறமும் சர்ச் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும், ஆனால் ஒவ்வொரு பஞ்சும் ஒவ்வொரு முடியும் தெரியும். எனக்கு நடுத்தரச் சாம்பல்தான் பிடித்தது.

மற்ற துணிகளைப் பற்றி: குடியாத்தம் லுங்கி வெட்டுத்துணி தாராளமாகப் போடலாம், அதில் நூலுக்கே சாயம் ஏற்றி நெய்கிறார்கள். ஆரணிப் பட்டு மிச்சங்களைப் பருத்தியோடு கலக்காதீர்கள். சுருங்குவதும் வேறு, மினுமினுப்பில் வெளிர்வும் ஏமாற்றும். நீளவாட்டு நூலான பாவுக்கு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடைக்கு ஒரு நிறம் கொடுத்த டபுள் ஷேட் துணி என்றால், எல்லாச் சதுரமும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்றைத் திருப்பி வைத்தாலும் அது வேறு துணி மாதிரி தெரியும்.

ஒரு நல்ல வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பேர் தெரியாத ஒரு வங்காளத்து அம்மா. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் எவ்வளவு பேர் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், லாட்ஜ் போர்டே வங்காளி எழுத்தில்தான் இருக்கும். கணவரின் சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் தங்கியிருந்தவர், தையல் ஊசி கேட்டு என் வகுப்புக்கு வந்தார். பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிற அவர்கள் ஊர் காந்தாவைத் தைத்துக்கொண்டிருந்தார். பார்டரிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்களாம். எனக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறை. தரையில் நான் அடுக்கியிருந்த சதுரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உட்கார்ந்து, பூப்போட்ட ஊதாத் துண்டு ஒன்றை எடுத்து, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அச்சுத் துணியின் அடிப்பக்கம் எப்போதும் ஒரு படி வெளிர். அதே நிறம், அதே துணி. நான் லாங் பஜார் முழுக்கத் தேடிய படி அங்கேயே குப்புறக் கிடந்திருக்கிறது. இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், ஒருநாளும் தோன்றவில்லை.

கடைசியாகச் சாயம். ஒரு வாடிக்கையாளருக்குத் தைத்த போர்வையில் முதல் சலவையிலேயே அரக்கு இறங்கி மாம்பழ மஞ்சள் முழுக்கத் திட்டுத்திட்டாகிவிட்டது. துணி விற்ற கடையில், "கேரண்டி கலர்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பணத்தை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். அப்போதிருந்து அரக்கு, கருநீலம், கத்தரிப்பூ, பாட்டில் பச்சை எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன்பே தனித்தனியாகச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஊறவைக்கிறேன். கூடவே ஒரு வெள்ளைத் துணித்துண்டு. துண்டு வெள்ளையாகவே வந்தால் வெட்டலாம். இல்லையென்றால் மறுபடி அலச வேண்டும். மூன்று தடவைக்குப் பிறகும் இறங்குகிற துணியைப் போர்வைக்கு எடுக்கமாட்டேன், பைக்கு உள்துணியாகப் போட்டுவிடுவேன்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வோம். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டுதான். ஏற்றி முடித்து, சரியாக ஒட்டாமல் நிற்கிற சாயத்தை வீட்டு உப்போ வினிகரோ பிடித்து வைக்காது. அதை அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. முதல் இரண்டு சலவைக்குப் போர்வையை ஈரத்தோடு மடித்து வாளியில் விட்டுவிடாதீர்கள். உடனே விரித்து நிழலில் போடுங்கள். மொட்டைமாடி வெயிலில் ஒரு கோடை முழுக்கக் காயப்போட்டால், நாம் படிபடியாகப் பொறுக்கிய வெளிர்வு எல்லாவற்றையும் வேலூர் வெயில் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்துவிடும்.