சருகுக்குள் இருக்கும் எறும்புக்குப் பெயர் வைப்பது எப்படி?

திருகோணமலையில் எங்கள் முற்றத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. காலையில் சருகைக் கூட்டினால் கட்டெறும்பு ஓடும், சுள்ளெறும்பு கடிக்கும். கொப்பில் முசுறு இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். போன கிழமை அக்காவின் மகள் ஒரு சின்ன எறும்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, "மாமா, இதுக்குப் பேர் இருக்கா?" என்றாள்.

"ஓம் பிள்ளை, இருக்கும்" என்றேன். உலகில் 14,000க்கும் மேற்பட்ட எறும்பு இனங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று. முற்றத்தில் திரிகிறவை பெரும்பாலும் அவற்றுள் அடங்கிவிடும். பெயரில்லாதவற்றைத் தேட வெப்பமண்டல மலைக்காடுகளின் சருகு நல்ல இடம்.

மலையில் 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை குறையும். நக்கிள்ஸ் மலையிலோ ஹோர்ட்டன் சமவெளியிலோ முகில் வந்து படியும் காட்டில், சருகு எப்போதும் நனைந்தே கிடக்கும். அந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் பழகிய எறும்பு கீழே இறங்கி வராது. நம் பக்கத்து வெயில் காய்ந்த தரை அதற்குக் கடல் மாதிரி. சில இனங்களில் இராணிக்கே சிறகு கிடையாது. பறந்து இன்னொரு மலைக்குப் போக வழியில்லை. இப்படி நெடுங்காலம் பிரிந்திருந்தால் இந்த மலையில் இருப்பது ஓரினம், அடுத்த மலையில் இருப்பது வேறோர் இனம் என்று ஆகிவிடும்.

சரி, இரண்டு மில்லிமீற்றர் எறும்பை எப்படிப் பிடிப்பது? ஒரு சதுர மீற்றர் நிலத்துச் சருகை அள்ளிச் சல்லடையில் சலிப்பார்கள். கீழே விழும் தூளை வலைப்பையில் போட்டு, அதை விங்க்ளர் பை என்ற துணிப்பைக்குள் தொங்கவிடுவார்கள். அடியில் மதுசாரம் உள்ள ஒரு சின்னக் குவளை. இரண்டு நாட்களில் சருகு காயக் காய, உள்ளே இருப்பவை இடம் தேடி அலைந்து ஒவ்வொன்றாகக் குவளைக்குள் விழும். மின்சாரம் வேண்டாம், விளக்கு வேண்டாம். காட்டு விடுதியின் கூரைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டாலே போதும். இந்த எளிமைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்புறம் எறும்பை ஊசியில் குத்த முடியாது, நொறுங்கிவிடும். தடித்த காகிதத்தில் சின்ன முக்கோணம் வெட்டி, அதன் நுனியில் ஒரு பொட்டுப் பசை வைத்து, எறும்பின் கால்கள் தொடங்கும் இடத்தில் ஒட்டுவார்கள். ஊசி காகிதத்தைத்தான் துளைக்கும். எந்த மலை, எந்த உயரம், எந்த நாள், யார் பிடித்தது என்ற சீட்டும் அதே ஊசியில் இருக்கும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் எறும்பால் பயன் மிகக் குறைவு.

உண்மையான உழைப்பு இனித்தான். நுணுக்குக்காட்டியில் தலையின் நீளம், அகலம், உணர்கொம்பின் முதல் துண்டு எல்லாவற்றையும் அளப்பார்கள். தாடையில் எத்தனை பல், உணர்கொம்பில் எத்தனை துண்டு, இடுப்பில் ஒரு கணுவா இரண்டா, மயிர் நேராக நிற்கிறதா கரண்டி போல விரிந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரு கூட்டுச் சகோதரிகளே பருமனில் வேறுபடுவதால், ஓர் எறும்பை மட்டும் அளந்து முடிவு சொல்ல முடியாது. பல கூடுகளிலிருந்து எடுத்து அளந்த பிறகும் தெரிந்த இனத்துக்கும் இதற்கும் நடுவில் இடைவெளி இருந்தால்தான் "புதியது" என்ற பேச்சு. இடைப்பட்டவை வரிசையாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் பழைய இனத்தின் இன்னொரு முகம். இப்போது டிஎன்ஏவையும் ஒப்பிடுகிறார்கள்.

எதோடு ஒப்பிடுவது? இலங்கை எறும்புகள் பலவற்றை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்தாலியரான கார்லோ எமரி, சுவிஸ்காரரான ஓகுஸ்ட் ஃபோரெல் போன்றவர்கள் விவரித்தார்கள். அந்த மூல எறும்புகள் இன்றும் ஜெனோவா, ஜெனீவா அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1893இல் எமரி பெயரிட்ட அனூரெட்டஸ் சைமோனி, ஒரு முழுத் துணைக்குடும்பத்தில் உயிரோடு மிஞ்சிய ஒரே இனம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதன் பழைய உறவுகளைப் பால்டிக் அம்பர் என்ற, கல்லாய் இறுகிய பழைய மரப்பிசினுக்குள் புதைபடிவமாகத்தான் பார்க்கலாம். அப்படியொன்று நம் தீவின் சருகுக்குள் நடமாடுகிறது என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

எமரியோ ஃபோரெலோ முன்பே பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர்தான் செல்லும். அதனால்தான் பழைய மாதிரிகளைப் பார்க்காமல் யாரும் துணிவதில்லை. முன்பெல்லாம் கப்பலேறிப் போகவேண்டிய வேலை. இப்போது முகம், பக்கம், முதுகு என்று மூன்று கோணப் படங்களை ஆன்ட்வெப் என்ற எறும்பு இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பெயர் வைப்பது சின்ன வேலை. முதலில் பேரினம் (எங்கள் பள்ளிப் புத்தகத்தில் சாதி), பிறகு இனப்பெயர். ஓர் எறும்பை மட்டும் ஹோலோடைப் என்று குறித்து, எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது என்பதையும் கட்டுரையில் எழுதவேண்டும். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஓர் எறும்பைத்தான் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

மருமகளின் எறும்பை வெள்ளைத் தட்டில் விட்டு, பூதக்கண்ணாடி வழியாக இடுப்பை எண்ணச் சொன்னேன். அது ஓடிக்கொண்டே இருந்ததால் மூன்று தரம் விட்டுப் பிடித்தாள். "ரெண்டு கணு மாமா" என்றாள். பிறகு அதைக் கொண்டுபோய் மாமரத்தடியிலேயே விட்டுவிட்டாள்.