ரீமிக்ஸ் என்றால் மறுகலவைதானா?

காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டு படிக்கும் என் அக்காள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கல்லூரிக் கலைவிழாவுக்காக அவனும் மூன்று நண்பர்களும் ஒரு பழைய திரைப்பாடலுக்குப் புதுத் தாளம் சேர்த்திருந்தார்கள். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்திலும் மெரினாவிலும் எடுத்த காட்சிகளை அதன்மேல் அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். போட்டிப் படிவத்தில் படைப்பின் வகையைத் தமிழில் எழுத வேண்டுமாம்.

"மாமா, ரீமிக்ஸுக்குத் தமிழில் என்ன?"

"மறுகலவை" என்றேன், யோசிக்காமலே.

"சிமென்ட் கலவை மாதிரி இருக்கிறதே" என்றான். எங்கள் தெருவில் அப்போது ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. கலவை இயந்திரம் காலையிலிருந்து உருண்டுகொண்டிருந்ததால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

அவன் போன பிறகுதான் சொல்லை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். 'மிக்ஸ்' என்பதன் வேர் லத்தீன். 'மிஸ்கேரே' என்றால் கலத்தல். நமக்கு அது புதிய சொல்லும் அல்ல. சமையலறையில் மிக்ஸியாகவும் தேநீர்க் கடையில் மிக்சராகவும் வெகுகாலமாகக் குடியிருக்கிறது. 'ரீ' என்றால் மறுபடி. ஆக, மறுகலவை என்பது எழுத்துக்கு எழுத்துச் சரியான மொழிபெயர்ப்பு. எதைக் கலக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

இசைத்துறையில் கலவை என்பது பலதடப் பதிவோடு வந்த வேலை. ஒரே ஒலிவாங்கியின் முன் எல்லோரும் நின்று பாடி வாசித்த காலத்தில் பிறகு பிரித்துக் கலக்க எதுவும் இல்லை. குரல் ஒரு தடம், தபலா ஒரு தடம், வயலின்கள் ஒரு தடம் என்று தனித்தனியே பதிய வழி பிறந்த பின்னரே, எதை ஏற்றுவது, எதை அடக்குவது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கிதார் கலைஞர் லெஸ் பால் 1957இல் எட்டுத் தடப் பதிவுக் கருவி ஒன்றைத் தம் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொண்டார். தடங்கள் கையில் இருந்தால், முடிந்த பாடலையும் மறுபடி பிரித்து வேறு அளவில் கலக்கலாம். ரீமிக்ஸின் முதற்பொருள் இதுதான்: அதே பதிவு, வேறு கலவை.

இதைக் கலையாக்கியவர்கள் ஜமைக்காக்காரர்கள். 1960களின் இறுதியில் கிங்ஸ்டன் நகரத்தில் பாடலின் குரலை நீக்கி, தாளத்தையும் அடித்தந்தியையும் (பேஸ் கிதார்) மட்டும் விட்டு, இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வெர்ஷன்'. அந்தக் கலையில் பெரும்பெயர் பெற்ற கிங் டப்பி, வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர். பின்னர் 1970களில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்ற கலவையாளர், ஆடுபவர்கள் பாதியில் நின்றுவிடாதபடி பாடல்களை நீட்டித் தந்தார். இந்த இரண்டு ஊர்களிலும் மூலப்பதிவு கையில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோடம்பாக்கத்துக்கு வந்தபோது சொல் தங்கிவிட்டது, பொருள் நகர்ந்துவிட்டது. 1970இல் வந்த 'சொர்க்கம்' படத்துப் 'பொன்மகள் வந்தாள்', 2007இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் மீண்டும் வந்தது. ஊரே அதை ரீமிக்ஸ் என்றது. ஆனால் பாடியவை புதிய குரல்கள். கருவிகளும் புதிதாகவே ஒலித்தன. கறாராகப் பார்த்தால் அது மறுபதிவு. நம்முடைய 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே இசைப்படைப்பையும் ஒலிப்பதிவையும் வெவ்வேறு படைப்புகளாகத்தான் கருதுகிறது. ஒன்றை எடுத்தவர் மற்றொன்றையும் எடுத்தார் என்று பொருளில்லை. நாம் இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் போட்டுக் கட்டிவிட்டோம்.

எனவே ஒலிக்கூடத்து வேலைக்கு மறுகலவை போதும். மறுபதிப்பு, மறுகூட்டல் போல இங்கும் ஒற்று மிகாது. மீள்கலவை என்றும் எழுதலாம். இலங்கைத் தமிழர் 'மீள்' என்பதை நம்மைவிடத் தாராளமாகப் புழங்குகிறார்கள். கதம்பம், கலம்பகம் இரண்டும் எனக்குப் பிடித்த சொற்கள். ஆனால் பல பூக்களையும் பல பாவகைகளையும் சேர்த்துக் கட்டுவதற்கு உரியவை அவை. ஐந்து பாடல்களை ஒட்டித் தைக்கும் கோவைக்குக் கதம்பம் அழகாகப் பொருந்தும். ஒரே பாடலைப் புதுக்குவதற்குப் பொருந்தாது.

அதற்கு என்ன சொல் என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, பையனின் தொல்லையே வழி காட்டியது. புதுத் தாளத்தை நிமிடத்துக்கு 120 அடியாக வைத்திருந்தான். வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 நிலைப்படங்கள் என்றால் ஓர் அடிக்குச் சரியாக 12 பிரேம். வெட்டு தாளத்தில் கச்சிதமாக விழும். இவர்கள் 25 வைத்துவிட்டார்கள், பன்னிரண்டரை வந்தது. அரை பிரேமில் எங்கே வெட்டுவது? அதைத் திருத்திய பிறகும் பாடல் தாளத்தோடு ஒட்டவில்லை. முதல் சரணத்துக்குள் குரல் ஒரு பக்கம், முரசு ஒரு பக்கம். பழைய பாடல்களைக் காதில் கடிகார ஒலி கேட்டுக்கொண்டு யாரும் பாடவில்லை. வாத்தியக்குழு மூச்சு விட்ட இடத்தில் பாடலும் சற்று மூச்சு விட்டது. இவன் முதலில் குரலை இழுத்தும் நசுக்கியும் தன் கட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தான். பாடகருக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் ஆயிற்று. இரண்டு இரவுகள் கழித்துத்தான் தலைகீழாகச் செய்யத் தோன்றியது: பழைய பாடலின் நடையை அடிக்கு அடி குறித்துக்கொண்டு, புதுத் தாளத்தை அதன் பின்னால் நடக்கவிட்டான். பாட்டு உட்கார்ந்துவிட்டது.

பின்னால் நடப்பதற்கு நம் இலக்கணத்தில் பெயர் இருக்கிறதே! நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரித்தவர்கள் நாம். தொல்காப்பியத்தின் மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று நான்காக வகுக்கிறது. நியூயார்க்கில் நீட்டியது விரித்தல். கிங்ஸ்டனில் குரலை நீக்கியது ஏறக்குறையத் தொகுத்தல். நன்னூல் இன்னும் நெருங்கி வருகிறது: "முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்." முன்னவர் படைப்போடு ஒத்துப்போக வேண்டும், பின்னவர் விரும்பும் வேறுபாட்டையும் சேர்க்க வேண்டும், ஆனால் மரபு அழியக் கூடாது. குரலை நசுக்கிய முதல் வடிவம் 'அழியா' என்ற சொல்லிலேயே தோற்றுவிட்டது.

ஆகவே, பழைய பாடலைப் பின்பற்றி எழும் புதிய பாடலுக்கு வழிப்பாடல் என்பது நான் முன்வைக்கும் சொல். அகராதியில் தேட வேண்டாம். காட்சிகளை வெட்டி அடுக்குவதற்குப் படத்தொகுப்பு என்ற நல்ல சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டியதில்லை.

பையனுக்குச் சொல் பிடித்துப்போயிற்று. படிவத்தில் 'வழிப்பாடல்' என்று அழகாக எழுதிக் கொடுத்தான். விழா நாளில் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தது. தட்டச்சு செய்தவர் 'ப்' என்ற ஒற்றை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தவுடன், குத்துவிளக்கு ஏற்றும்போது ஒலிபரப்ப வேண்டிய 'வழிபாட்டுப் பாடல்' என்று இவர்களுடையதை முதலிலேயே போட்டிருந்தார்கள். முரசு அதிர, கல்லூரி முதல்வர் விளக்கேற்றினாராம்.