உதாசீனம்: ஒதுங்கி உட்கார்ந்தவன் கதை

‘போன் பண்ணினாலும் எடுக்கிறதில்லை, அப்படி ஒரு உதாசீனம்!’ இப்படிப் பேசும்போது அதில் மனத்தாங்கல் இருக்கிறது. ஆனால் இந்த வடசொல் பிறந்தபோது அதில் குற்றம் எதுவும் இல்லை.

உத் என்பது விலகலைக் குறிக்கும் முன்னொட்டு. ஆசீனம் என்றால் அமர்ந்திருத்தல். நாம் சொல்லும் ‘ஆசனம்’ இதற்கு உறவு. ஆக, உதாசீனன் ஒதுங்கி உட்கார்ந்திருப்பவன். அர்த்தசாஸ்திரத்தில் எந்தப் பக்கமும் சேராத அரசனுக்கு இதுதான் பெயர். கீதையிலோ (9:9) கண்ணன், செயல்களில் ஒட்டாமல் ‘உதாசீனனைப் போல்’ இருப்பதாகத் தன்னையே சொல்கிறான். குருநானக்கின் மகன் ஸ்ரீசந்த் தொடங்கிய துறவியர் மரபுக்கு உதாசி என்று பெயர். இந்தியில் இதே வேரிலிருந்து வந்த ‘உதாஸ்’ சோகத்தைக் குறிக்கிறது. தமிழில்தான் அது அவமதிப்பு வரை வந்துவிட்டது. ஒதுங்கி உட்கார்ந்தவனை விட்டுவிட்டு, அவன் யாரைப் பார்க்காமல் இருந்தானோ அவருடைய பக்கத்திலிருந்து நாம் பேசத் தொடங்கிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

பழைய பொருளுக்குத் தமிழில் அருமையான சொல் உண்டு: நொதுமல். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர் பகை, நொதுமல், நண்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். அகப்பாடல்களில் தலைவியைப் பெண் கேட்டு வரும் அயலாரும் நொதுமலர்தான்.

இன்றைய பொருளுக்கு அகராதிகள் தருவது புறக்கணிப்பு. புறம் என்றால் முதுகு, முதுகைக் காட்டுவது. வேடிக்கை என்னவென்றால், அதே புறத்தை வைத்துத்தான் ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று புறநானூறு (312) பாடுகிறது. அங்கே புறந்தருதல், பேணி வளர்த்தல். ஆனால் தேர்தல் புறக்கணிப்பு, கூட்டப் புறக்கணிப்பு என்று பழகிப்போனதால் புறக்கணிப்பில் இப்போது திட்டமிட்ட முடிவின் வாடை அடிக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் உதாசீனத்துக்கு அது பொருந்தாது. அதற்கு என் வாக்கு ‘பாராமுகம்’. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘அதிகாரிகள் பாராமுகம்’ என்பது அன்றாட வழக்கு. இங்கே ஏனோ குறைந்துவிட்டது. ‘அலட்சியம்’ என்று மாற்றி எழுதிப் பயனில்லை, அதுவும் வடசொல்லே.

கைவிடுதல் வேறு. பாராமுகத்தில் ஆள் கூடவே இருக்கிறார், கைவிட்டபின் இல்லை. சட்டமும் இதைத் தனியாகப் பார்க்கிறது: 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, கவனிக்கவேண்டிய முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டு அடியோடு கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத மகன் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டான்.

எழுதுவதென்றால் ‘உதாசினம்’ அல்ல, சீ நெடில்.