ட்ரையாஜ்: யாரை முதலில் பார்ப்பது?

தமிழக அரசு மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகள் பிரித்திருப்பார்கள். வந்தவரின் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, நினைவு ஆகியவற்றைப் பார்த்து, எந்த நிறத்துக்கு அனுப்புவது என்று வாசலிலேயே முடிவு செய்வதுதான் ட்ரையாஜ். டோக்கன் முறைக்கு இது நேரெதிர். பிந்தி வந்த மாரடைப்புக்காரர் உள்ளே போய்விடுவார், முந்தி வந்த கால் சுளுக்குக்காரர் காத்திருப்பார். சண்டையும் வரும்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'த்ரியே' என்றால் பொறுக்கிப் பிரித்தல். ஆங்கிலத்துக்குள் நுழைந்த காலத்தில் இதற்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டு ரோமத்தைத் தரவாரியாகப் பிரிப்பதை அது குறித்தது. காப்பிக் கொட்டையில் உடைந்துபோன கடைசித் தரத்துக்கும் அதே பெயர். பதவி பார்க்காமல், காயம் மோசமானவரை முதலில் கவனிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. ஆனால் மருத்துவச் சொல்லாக இது பரவலானது முதல் உலகப்போரில்தான்.

2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாட்டின் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்த முறையைக் காசநோய்க்கும் கொண்டுவந்தது. காசநோய் மரணங்களில் பெரும்பாலானவை சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே நடந்துவிடுகின்றன. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், யார் சாவின் விளிம்பில் இருக்கிறார் என்பது தெரியாமலே போய்விடும். அதனால் நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்கும் திறன் இவற்றைப் பார்க்கிறார்கள். ஆய்வகமே வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (BMI) 14 அல்லது அதற்குக் கீழே. 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருத்தல். நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு. ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே. பிடிமானமில்லாமல் நிற்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் ஆபத்தான நிலை என்று கருதி, முழுப் பரிசோதனைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அனுப்புகிறார்கள். எடைமேடையும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிகிற வேலை. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தரம்பிரித்தல்' என்பது சொல்லுக்குச் சொல் சரி, மனிதருக்குச் சரியில்லை. காப்பிக் கொட்டையில் கடைசித் தரம் ஒதுக்கப்படும். இங்கே நிலைமை மோசமானவர்தான் முதலில் போக வேண்டும். 'வகைப்படுத்தல்' தவறில்லை, ஆனால் அதில் அவசரம் இல்லை, நூலகத்துக்கும் பொருந்தும். எழுத்துக்கு 'முன்னுரிமைப் பகுப்பு' என்பதை எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையில் 'அவசர வரிசை' என்று போட்டால் காத்திருப்பவருக்கும் ஏன் காத்திருக்கிறோம் என்று புரியும். அப்புறம், மருத்துவமனைப் பேச்சில் இது வினையாகத்தான் ஓடுகிறது: "ட்ரையாஜ் பண்ணியாச்சா?" அந்த இடத்தில் "முன்னுரிமை பார்த்தாச்சா?" என்று கேட்டால் வாயிலும் இடறவில்லை.